ஏழு மணிச் சண்டை

எங்கள் வீட்டில் சண்டை பின்னேரம் ஏழு மணிக்குத்தான் வரும். காலையில் வராது. ஆறு பேர் ஒரு குளியலறைக்கு வரிசையில் நிற்கும் அந்த அவதியில்கூட வராது. எல்லாரும் வீடு திரும்பி, தேத்தண்ணி குடித்து, சாமி அறையில் விளக்கு வைத்து, ஹோலில் வந்து இருந்த பிறகுதான் தொடங்கும். மகன் கொப்பியைத் தூக்கி எறிவான். இவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவார். மாமி இருபது வருஷத்துக்கு முந்திய கதை ஒன்றை எடுப்பார். நான் குசினியில் நின்றபடியே எல்லாருக்கும் பதில் சொல்லுவேன். சட்டியைக் கொஞ்சம் பலமாகவே அடுப்பில் வைப்பேன்.

அதெல்லாம் அவரவர் குணம் என்றுதான் நினைத்திருந்தோம். மகனுக்கு வயசுக் கோளாறு, இவருக்கு வேலைக் களைப்பு, மாமி எப்போதும் அப்படித்தான், எனக்கோ ரீச்சர் வாய். 2016ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் ஒருநாள் மகனுக்குக் கை நீட்டிவிட்டேன். பின்னக் கணக்கில் ஒரு சின்னப் பிழை, அவ்வளவுதான் காரணம். அன்றிரவு நித்திரை வரவில்லை. எழும்பிப் போய்ச் சுவர்க் கலண்டரில் அந்தத் திகதியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். ஏன் போட்டேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது. அடுத்த சண்டைக்கும் ஒரு வட்டம் போட்டேன், பக்கத்தில் நேரத்தையும் குறித்தேன். பிறகு அது பழக்கமாகிவிட்டது.

புரட்டாதி முடிய கலண்டரை இறக்கி வைத்துப் பார்த்தேன். வட்டங்கள் அநேகமாக எல்லாமே ஆறரைக்கும் ஒன்பதுக்கும் இடையில். எல்லாமே ஹோலில். மழை பெய்த நாட்களில் ஒன்றிரண்டு மட்டும். கரண்ட் நின்ற இரவுகளில் ஒரு வட்டம்கூட இல்லை.

கடைசியாகச் சொன்னதுதான் என்னை உசுப்பியது. கரண்ட் நின்றால் நாங்கள் என்ன செய்வோம்? முற்றத்தில் வேப்பமரத்தின் கீழே பாயைப் போட்டு இருப்போம். மாமா திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை செய்தவர். சீனக்குடா எண்ணெய்க் குதங்களைப் பற்றி, 1942 சித்திரையில் ஜப்பான்காரன் குண்டு போட்டதைப் பற்றித் தன் தகப்பனிடம் கேட்ட கதையைச் சொல்லத் தொடங்குவார். மகன் வாயைப் பிளந்து கேட்பான். மாமி அவன் தலையைத் தடவிக்கொண்டிருப்பார். அதே ஆறு பேர், அதே நேரம், அதே களைப்பு. இடம் மட்டும்தான் வேறு.

அடுத்த நாள் இரவு எட்டு மணிக்கு ஹோலில் மேசை மேல் கதிரை, கதிரை மேல் முக்காலி என்று அடுக்கி ஏறிக் கூரையைத் தொட்டுப் பார்த்தேன். சூடான தேத்தண்ணிக் கோப்பையைத் தொட்டது மாதிரி இருந்தது. வெயில் போய் இரண்டு மணித்தியாலம் ஆகிறது!

வீடு கட்டித் தந்த மேசனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் சிரித்தார். "ரீச்சர், ஐஞ்சு இஞ்சிக் கொங்கிறீற். பகல் முழுக்க வெயிலைக் குடிக்கும், இரவுக்குத்தான் கக்கும்." உண்மைதான். அந்தத் தடிப்பில் மேலே பட்ட சூடு கீழே வந்து சேர மூன்று நான்கு மணித்தியாலம் எடுக்கும். மத்தியானம் இரண்டு மணி வெயில் ஆறு மணிக்கு எங்கள் தலைக்கு மேல் வந்து நிற்கிறது. நாங்கள் எல்லாரும் வேலையும் பள்ளிக்கூடமும் முடிந்து வந்து இருப்பதும் சரியாக அந்த நேரம்தான்.

திருகோணமலையில் இருப்பவர்களுக்குக் கச்சானைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன்: நான் சொல்வது கொறிக்கிற கச்சான் அல்ல, காற்று. வைகாசியில் தொடங்கி ஆவணி, புரட்டாதி வரை தென்மேற்கில் இருந்து நிலத்தின் மேலாகக் காய்ந்து வரும். அந்தக் காலத்தில் பகல் வெப்பம் 35 பாகையை எட்டுவது சாதாரணம். பின்னேரத்தில் கடல் பக்கமிருந்து கொஞ்சம் ஈரக்காற்று வரும். அந்தக் காற்றுக்காகத்தான் இந்த ஊர் ஐந்து மணிக்கு டச்சுக்குடாக் கடற்கரைக்கு இறங்குகிறது. பழைய ஆட்கள் வீட்டையும் அந்தக் காற்றுக்குத்தான் கட்டினார்கள்.

எங்கள் பழைய வீடும் அப்படித்தான். திருக்கடலூரில் ஓட்டு வீடு. முன்னுக்கு நீள விறாந்தை, அரைச்சுவர், அதில் இருவர் தாராளமாக இருக்கலாம். மாமாவின் சாய்மனைக் கதிரை அங்கே கிடக்கும். 2004 மார்கழி 26 சுனாமி அந்த வீட்டில் பாதியைக் கொண்டுபோனது. மாமியின் தங்கச்சியையும் கொண்டுபோனது. அதற்குப் பிறகு கரையோரத்தில் வடக்கு கிழக்குப் பக்கம் 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று ஒரு விதி வந்தது, பிறகு தளர்த்தினார்கள். தளர்த்தினாலும் மாமி திரும்பிப் போக மாட்டேன் என்றுவிட்டார். வாடகை வீடு வாடகை வீடாக அலைந்து 2012இல் பாலையூற்றுப் பக்கம் காணி வாங்கிக் கட்டினோம். அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: "கடல் தெரியாத இடமாப் பாருங்கோ."

கட்டும்போது நாங்கள் விட்ட பிழைகள் எல்லாம் ஆசையில் விட்டவை. பின்னாளில் மேல்மாடி எடுக்கலாம் என்று கொங்கிறீற் தட்டு. பாதுகாப்புக்கு ஆறடி மதில், தகரம் அடித்த இரும்புக் கேற். ஹோல் பெரிதாக வேண்டும் என்று விறாந்தையை உள்ளே எடுத்துவிட்டோம். பழைய வீட்டில் யன்னலுக்கு மேலே ஓட்டை வைத்த சீமெந்துக் கற்கள் இருந்தன, மேலே ஏறும் சூடு அதால் வெளியேறும். "அது பழைய பாஷன்" என்று சொல்லி வைக்காமல் விட்டோம். அதைச் சொன்னது நான்தான். ஒத்துக்கொள்கிறேன்.

சரி, சூட்டுக்கு என்ன செய்தோம் என்று சொல்கிறேன். முதலில் பின்னேரங்களில் தட்டுக்கு மேல் தண்ணீர் ஊற்றினோம். ஒரு கிழமை நன்றாக இருந்தது. இரண்டாவது கிழமை சாமி அறை மூலையில் கசிவு வந்தது. விட்டுவிட்டோம். பிறகு மேலே வெள்ளையாகச் சுண்ணாம்பு அடித்தோம். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும். வித்தியாசம் தெரிந்தது, போதவில்லை. மூன்றாவதாக மேசன் சொன்ன யோசனைதான் வேலை செய்தது. தட்டுக்கு மேல் இரண்டடி உயரத்தில் கம்பு கட்டி, கிடுகு வேய்ந்தோம். வெயில் கிடுகில் படும், இடையில் காற்று ஓடும், கொங்கிறீற் நிழலில் கிடக்கும். கச்சான் தூக்கிக்கொண்டு போகாதபடி கம்பியால் இறுக்கினோம். பக்கத்து வீட்டு அண்ணை மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன ரீச்சர், மாடி வீட்டுக்கு மேல குடிசையா?" என்று கேட்டார். ஹோலில் ஒரு வெப்பமானி வாங்கி மாட்டியிருந்தேன். இரவு எட்டு மணிக் கணக்கில் மூன்று பாகை இறங்கியது. அடுத்த வருஷம் அந்த அண்ணையும் தன் வீட்டுக்கு மேலே பச்சை வலை கட்டினார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

மூன்று பாகை சின்னக் கணக்கு என்று நினைக்கலாம். நித்திரை வருவதற்கு உடம்பின் உள்வெப்பம் ஏறத்தாழ ஒரு பாகை இறங்க வேண்டும். சுற்றிவரச் சூடாக இருந்தால் அது இறங்க வழியில்லை. நித்திரை இல்லாத ஆளின் குணத்தை அடுத்த நாள் பின்னேரம் பார்க்கலாம். எங்கள் வீட்டில் ஒரு நாளின் சூடு மற்ற நாளின் சண்டையாக வட்டி போட்டு வந்துகொண்டிருந்தது.

மின்விசிறியைப் பற்றி ஒன்று. அது அறையைக் குளிர வைப்பதில்லை. வியர்வையை உலர்த்தி ஆளைத்தான் குளிர வைக்கிறது. ஆளில்லாத அறையில் அது சுழல்வது கரண்ட் பில்லுக்கு மட்டும். இரவு வெளியே காற்றுக் குளிர்ந்த பிறகு, நிற்கும் மின்விசிறியை ஒரு யன்னலில் வெளியே பார்க்க வைத்து, எதிர்ப் பக்க யன்னலைத் திறந்து விட்டுப் பாருங்கள். உள்ளே தேங்கிய வெக்கையை அது இழுத்து வெளியே தள்ளும். பகலில் இதற்கு மாறாக, ஒன்பது மணிக்கே வெயில் பக்க யன்னல்களைச் சாத்திவிட வேண்டும். நாங்கள் வருஷக்கணக்காக நேர்மாறாகச் செய்துகொண்டிருந்தோம்: பகல் முழுக்கத் திறப்பு, ஆறு மணி அடித்ததும் பூட்டு. காரணம் நுளம்பு. டெங்கு இருக்கும் ஊரில் அந்தப் பயம் நியாயமானதே. யன்னல்களுக்கு வலை அடித்த அன்றுதான் எங்கள் வீட்டுக்குள் இரவு என்ற ஒன்று வந்தது என்பேன்.

எந்த இடம் குளிர்ச்சி என்று கண்டுபிடிக்க எங்களுக்கு உதவியது வீட்டு நாய். அது காலையில் ஓரிடத்தில் படுக்கும், மத்தியானம் கிணற்றடிக்குப் போகும், இரவில் குசினிக்கும் பின்னறைக்கும் இடையில் உள்ள சின்ன நடையில் நீட்டி நிமிர்ந்து கிடக்கும். அதற்குப் பக்கத்தில் தரையில் இருந்து பார்த்தால் தெரிந்தது, பின்கதவின் கீழ் இடைவெளியால் காற்று நேரே அங்கே வருகிறது. பிரட்றிக் கோட்டைக்குள் கோணேசர் கோவிலுக்குப் போகும் வழியில் நிற்கும் புள்ளிமான்களையும் கவனித்திருக்கிறேன். நிழல் நகர நகர அவையும் நகரும். ஒரு மணித்தியாலம் அங்கே இருந்தால் எந்த மரத்தின் கீழ் எப்போது இருக்கலாம் என்று கோட்டை முழுவதுக்கும் அட்டவணை போட்டுவிடலாம். அந்த நடையில் சின்ன மேசை ஒன்றைப் போட்டு மகனைப் படிக்க இருத்தினோம். கொப்பி பறப்பது நின்றது. நாய்தான் இன்னும் எங்களை மன்னிக்கவில்லை.

ஆனால் கிழக்கு யன்னல் மட்டும் பூட்டியே கிடந்தது. அதுதான் கடற்காற்று வரும் யன்னல். பாலையூற்றில் இருந்து கடல் தெரியாது. ஆனால் வாடைக் காலத்தில், ஊர் அடங்கின பிறகு, கேட்கும். "கடல் இரையுது பிள்ளை, பூட்டு" என்பார் மாமி. மாரியில் பூட்டிய யன்னல் கோடையிலும் பூட்டியே இருக்கும். ஆரம்பத்தில் நான் அதைப் பிடிவாதம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். ஒருநாள் அவர் கோவிலுக்குப் போன நேரம் திறந்துவிட்டேன். வந்தவர் ஒன்றும் சொல்லாமல் போய்ப் பூட்டிவிட்டு, அன்றிரவு சாப்பிடாமல் படுத்தார்.

2018இல் அவருக்கு வயிற்றில் ஒரு ஒப்பரேசன். வாட்டில் யன்னலோரக் கட்டில் கிடைத்தது, எட்டிப் பார்த்தால் நீலக்கடல். தாதிப் பிள்ளை நல்ல மனதோடுதான் தந்தார். "அம்மா, நல்ல வியூ" என்றார். மாமி இரவு முழுக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தார். வலிக்கு மேலதிகமாக மருந்து கேட்டார். மூன்றாம் நாள் எதிர்ப்பக்கத்துக் கட்டில் காலியாக, நான் கெஞ்சி மாற்றுவித்தேன். அங்கே யன்னலுக்கு வெளியே ஒரு வேம்பும், அதில் காகக் கூடும், அதற்கப்பால் ஒரு தண்ணீர்த் தாங்கியும். அவ்வளவுதான். மாமி காகத்தை எண்ணத் தொடங்கினார்.

யன்னலுக்கும் நோயாளிக்கும் உள்ள தொடர்பைக் கணக்குப் போட்டுக் காட்டியவர்களில் ஒருவர் ரொஜர் உல்ரிக் என்ற அமெரிக்க ஆய்வாளர். பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் 1972 தொடக்கம் 1981 வரை பித்தப்பை ஒப்பரேசன் செய்தவர்களின் பதிவேடுகளைப் புரட்டினார். 46 பேர். பாதிப்பேரின் யன்னலில் மரங்கள், மற்றப் பாதிப்பேருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் ஏறக்குறைய முக்கால் நாள் முந்தி வீடு போனார்கள், கடும் வலி மருந்தும் குறைவாகத்தான் எடுத்தார்கள். 1984இல் வெளிவந்த கட்டுரை அது. மருத்துவமனை கட்டுகிறவர்கள் இன்றும் அதைச் சொல்கிறார்கள். சொல்லட்டும். எங்கள் ஊரில் அதற்கு ஒரு வரி கூடச் சேர்க்க வேண்டும்: யன்னலில் என்ன தெரிகிறது என்பதோடு, பார்க்கிறவர் அதில் எதை இழந்தார் என்பதையும் கேட்க வேண்டும். இந்தக் கரையில் கடல் எல்லாருக்கும் காட்சி அல்ல.

வீட்டுக்கு வந்த பிறகு கிழக்கு யன்னலைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அதற்கு மேலே, கூரைக்குச் சற்றுக் கீழே சுவரை உடைத்து, பழைய வீட்டில் இருந்த அதே ஓட்டைக் கற்களை வைப்பித்தேன். சூடு மேலால் போகும், காற்று வரும், கடல் பக்கம் திறந்து கிடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. மாமி கற்களைப் பார்த்துவிட்டு, "எங்கட வீட்டிலயும் இதுதானே இருந்தது" என்றார். எங்கட வீடு என்று அவர் சொல்வது இன்றைக்கும் திருக்கடலூரைத்தான்.

மாமாவின் கதை வேறு. பழைய வீட்டில் அவர் ஒருநாளைக்கு ஐம்பது பேரோடாவது கதைத்திருப்பார். விறாந்தையில் இருந்தால் ஒழுங்கையால் போகிற வருகிற எல்லாரும் ஒரு சொல்லாவது சொல்லிவிட்டுத்தான் போவார்கள்: "என்ன அண்ணை, மீன் வந்ததோ?" "உங்கட ரேடியோவில என்ன சொல்றான்?" புது வீட்டில் ஆறடி மதில். அவர் மெல்ல மெல்லப் பேசுவதை நிறுத்தினார். பகலில் நித்திரை கொண்டார். பேர்களை மறந்தார். மறதி வியாதி தொடங்கிவிட்டது என்று பயந்து காட்டினோம். மருத்துவர் சோதித்துவிட்டு, வேறு எதுவும் கேட்பதற்கு முன், "ஐயா ஒருநாளைக்கு எத்தனை பேரோட கதைக்கிறார்?" என்று கேட்டார். நான் விரலை மடக்கினேன். ஒரு கையே மிஞ்சியது.

முதலில் ஹோலை மாற்றினோம். எங்கள் ஹோல் மற்ற வீடுகளைப் போலத்தான், கதிரைகள் எல்லாம் சுவரோடு ஒட்டி, எல்லாம் தொலைக்காட்சியைப் பார்த்தபடி. ரொபேர்ட் சொமர் என்ற உளவியலாளர் 1950களில் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் வயதான பெண்கள் இருந்த ஒரு வாட்டில் இதே கோலத்தைக் கண்டார். புதிதாகத் திருத்திய அழகான அறை. ஆனால் எல்லாரும் சுவரோரமாகத் தோளோடு தோள் இருந்து ஒருவரோடு ஒருவர் பேசாமல் வெறித்துக்கொண்டிருந்தார்கள். கதிரைகளைச் சின்ன மேசைகளைச் சுற்றிப் போட்டார். சில கிழமைகளில் பேச்சு ஏறக்குறைய இரண்டு மடங்கானது. நானும் குசினி வாசலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசையைச் சுற்றி மூன்று கதிரை போட்டேன். மாமியும் நானும் கீரை ஆய்ந்துகொண்டு கதைக்கத் தொடங்கினோம். அது நல்லாக நடந்தது. மாமா அந்தப் பக்கமே வரவில்லை.

அப்புறம் கேற்றுக்கு வெளியே சாய்மனைக் கதிரையைப் போட்டோம். வெயில், புழுதி. அதைவிட, எங்கள் ஒழுங்கை முட்டு ஒழுங்கை; யாரும் போவதில்லை. இரண்டு நாள் இருந்துவிட்டு உள்ளே வந்தார். கேற்றில் இருந்த தகரத்தைக் கழற்றினோம். அதுவும் அவருக்குப் பெரிதாகப் படவில்லை. மாமியோடு ஒரு சண்டை பிடித்துவிட்டு ஒருநாள் காலை அவரே எழும்பி நடந்து போனார். தேடிப் போனால் சந்தியில், தேத்தண்ணிக் கடைக்கு எதிரே, வாகை மர நிழலில் உள்ள மதகுக் கட்டில் இருக்கிறார். பக்கத்தில் பஸ் நிற்கும் இடம். பஸ் பார்த்து நிற்பவர்கள், கடைக்கு வருபவர்கள், கிணற்றுக்குக் கயிறு வாங்கப் போகிறவர். எல்லாரோடும் கதை. நாங்கள் மூன்று மாதம் மண்டையைப் போட்டு உடைத்த கணக்கை அவர் கால்கள் ஒரு காலையில் செய்துவிட்டன. நாங்கள் செய்தது ஒன்றுதான்: மதகுக் கட்டுக்குப் பலகை ஒன்று அடித்துக் கொடுத்தோம், முதுகு சாய. இப்போது அதில் இன்னும் மூன்று கிழவர்கள் இருக்கிறார்கள். பேர்கள் ஒன்றும் மறக்கவில்லை. சந்தியில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்கே அவர் சொல்லித்தான் தெரியும்.

கிண்ணியாவில் இருந்து வரும் சக ஆசிரியை ஒருவர் இதைக் கேட்டுவிட்டுப் பாதையைப் பற்றிச் சொன்னார். 2009இல் பாலம் திறக்கும் வரை அவர்கள் பாதையில் ஏறித்தான் கடந்தார்கள். பாதை என்றால் ரோட்டு அல்ல, ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றும் மிதவை. காத்திருக்கும் நேரத்தில் கல்யாணம் பேசி முடித்தவர்களும் உண்டாம். இப்போது ஒரு நிமிசத்தில் கடந்துவிடுகிறார்கள், யார் பக்கத்து மோட்டார் சைக்கிளில் போகிறார் என்றே தெரியாது. பாதை திரும்ப வேண்டுமா என்று கேட்டேன். "விசரா ரீச்சர்? இரவில பிள்ளைப்பேறு எண்டா என்ன செய்யிறது?" என்றார். அதுவும் சரிதான்.

பள்ளிக்கூடத்திலும் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. பெயர் வேண்டாம். அங்கே பிரதான வீதியை ஒட்டி ஒரு வகுப்பறை. ஏழாம் ஆண்டின் ஒரு பிரிவு எப்போதும் அதில்தான் இருக்கும். "அந்த வகுப்பு ஒரு மாதிரி" என்று ஆசிரியர் அறையில் சொல்வோம். குழப்படி, வாசிப்பில் பின்னுக்கு, கவனம் இல்லை. நான் அந்த வகுப்புக்குப் பொறுப்பான வருஷம்தான் ஒன்று உறைத்தது: பிள்ளைகள் வருஷாவருஷம் மாறுகிறார்கள், பட்டப்பெயர் மட்டும் அறையோடு கிடக்கிறது. பஸ் கோண் அடிக்கும்போது நான் வசனத்தை நடுவில் நிறுத்துவேன். பிள்ளைகள் ரோட்டைப் பார்ப்பார்கள். திரும்ப அந்த வசனத்தைத் தொடங்க, லொறி. ஒரு பாடவேளையில் எத்தனை தரம் நிறுத்துகிறேன் என்று சுவரில் கோடு போடச் சொன்னேன். பிள்ளைகள் மிகுந்த உற்சாகத்தோடு இருபத்திரண்டு கோடு போட்டார்கள்.

நியூயோர்க்கில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் மேம்பால ரயில் ஓடியது. ஆர்லீன் பிரொன்சாஃப்ட் என்ற உளவியலாளர் அங்கே ரயில் பக்க வகுப்புகளையும் மறுபக்க வகுப்புகளையும் ஒப்பிட்டுப் பார்த்து 1975இல் எழுதினார். ரயில் பக்கத்துப் பிள்ளைகள் வாசிப்பில் பின்தங்கியிருந்தார்கள், ஆறாம் வகுப்புக்கு வரும்போது ஏறக்குறைய ஒரு வருஷம் வரை. பிறகு தண்டவாளத்துக்கு றப்பர் போட்டார்கள், வகுப்பறைகளுக்குச் சத்தம் உறிஞ்சும் கூரை போட்டார்கள். அவர் திரும்ப அளந்தபோது வித்தியாசம் போய்விட்டிருந்தது.

எங்களுக்கு உறிஞ்சும் கூரைக்கு எங்கே போவது? நான் கேட்டதெல்லாம் தவணைக்கு ஒருமுறை அறையை மாற்றுங்கள், ஒரே பிள்ளைகள் வருஷம் முழுக்க அதற்குள் கிடக்கக்கூடாது என்பதுதான். முதலில் "மேசை கதிரை தூக்க ஆளில்லை" என்றார்கள். இரண்டாம் வருஷம் சம்மதித்தார்கள். கரும்பலகையையும் வீதிப் பக்கச் சுவரில் இருந்து எதிர்ப்பக்கத்துக்கு மாற்றினோம். பிள்ளைகளின் முதுகு ரோட்டுக்கு வந்தது. வாசிப்புப் பாடத்தை மரத்தின் கீழே வைத்தேன். கோடு போடுவதை நிறுத்தவில்லை, பிள்ளைகள் விடவில்லை.

மகளின் ஏ.எல். என்ற உயர்தரப் பரீட்சைக் காலத்தில் வெளிச்சப் பிரச்சினை வந்தது. சுருக்கமாகச் சொல்கிறேன். இரவு பன்னிரண்டு வரை வெள்ளை வெளேரென்ற பல்பின் கீழ் படிப்பாள், படுத்தால் நித்திரை வராது, காலையில் எழும்ப மாட்டாள். சோம்பல் என்றோம். பல்ப் பெட்டியைப் பாருங்கள், 6500 கெல்வின் என்று இருந்தால் அது நடுப்பகல் வெளிச்சம் மாதிரி. கண் வழியாக மூளைக்கு "இன்னும் பகல்தான்" என்று சொல்லும், நித்திரைக்கான சுரப்பு பிந்தும். 2700 அல்லது 3000 என்றால் மஞ்சள். ஒன்பதுக்குப் பிறகு மேசை விளக்கு மட்டும், மஞ்சள். காலையில் தேத்தண்ணியை முற்றத்தில் நின்று குடிக்கச் சொன்னேன். போனை அறைக்கு வெளியே வைக்க வைத்ததுதான் பெரும்பாடு. அதில் நான் பாதிதான் வென்றேன்.

நான் வளர்ந்த காலத்தில் இந்த ஊரின் சந்திகளில் சோதனைச் சாவடிகள். மண்மூட்டை, முள்ளுக்கம்பி, இறங்கி நடக்க வேண்டிய இடம், எந்தப் பக்கத்தால் நடக்கக்கூடாது என்ற விதி. யுத்தம் முடிந்த 2009க்குப் பிறகு ஒவ்வொன்றாகப் போய்விட்டன. இப்போது அவ்விடங்களில் சில ஐஸ்கிறீம் கடையாகக்கூட இருக்கின்றன. ஆனால் ஒரு குறிப்பிட்ட வளைவு வந்தால் என் சைக்கிள் தானாக மெதுவாகும். கை அடையாள அட்டை இருக்கும் பைக்குப் போகும். பின்னால் இருந்து மகள் கேட்பாள், "ஏன் அம்மா இதில எப்பவும் ஸ்லோ பண்ணுறீங்க?" அவளுக்கு அது வெறும் வளைவு. சுவர் போய்விட்டது, உடம்புக்குள் கட்டியதை இடிக்க எந்த மேசனைக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த வளைவைக் கடந்ததும் டச்சுக்குடாவில் பத்து நிமிசம் நிற்பேன். எனக்குக் கடல் இன்னும் பிடிக்கும். மாமியிடம் சொல்வதில்லை.

கலண்டர் பழக்கம் விடவில்லை. இந்த வருஷம் இதுவரை ஒன்பது வட்டம். ஹோலில் இரண்டு மட்டும். மற்ற ஏழும் குசினியில், பின்னேரம் நான்கரைக்கும் ஐந்தரைக்கும் இடையில், ஏழிலும் தொடங்கியது நான். குசினி யன்னல் மேற்குப் பக்கம்; அந்த நேரம் வெயில் நேரே அடுப்படியில் வந்து விழும். மேசன் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.